எந்த ஆன்டிவைரஸ் போடலாம்?

கம்ப்யூட்டர் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவன் என்று சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் போதும், இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கும். புது லேப்டாப் வாங்கியிருக்கிறேன், எந்த ஆன்டிவைரஸ் போடலாம்? கேட்பவருக்கு வேண்டியது ஒரு பெயர். சொன்னால் வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். நான் பெரும்பாலும் சொல்லும் பதில், "எதுவும் வாங்க வேண்டாம், விண்டோஸ் உள்ளேயே டிஃபென்டர் என்று ஒன்று இருக்கிறது." உடனே முகம் வாடிவிடும். காசு கொடுக்காமல் கிடைக்கும் பாதுகாப்பின் மேல் நமக்கு அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வருவதில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன், யாருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன் என்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் இனிமேல் லிங்க் அனுப்பிவிடலாம் என்ற சோம்பேறித்தனம்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு பழைய கணக்கு. ஆன்டிவைரஸ் இருக்கிறது, நம்மை வேவு பார்க்கும் ஸ்பைவேரைத் தடுக்க ஆன்டி-ஸ்பைவேர் தனியாகப் போட வேண்டுமா என்று இன்னமும் கேட்கிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருந்தது. அப்போது ஒரு ஆன்டிவைரஸ், அதற்கு மேல் ஸ்பைபாட், ஆட்-அவேர் என்று சில இலவசக் கருவிகள், எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை வரிசையாக ஓட்டுவது என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் வைத்திருந்தார்கள். ஏன் தனித்தனி என்றால், வைரஸ் கேட்காமல் உள்ளே வரும், ஸ்பைவேர் கேட்டுக்கொண்டே வரும். ஏதோ ஒரு டூல்பார், ஒரு ஸ்கிரீன்சேவர், பாட்டு டவுன்லோடு செய்ய ஒரு இலவச மென்பொருள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ. யாரும் படிக்காத ஒப்பந்தத்தின் நடுவில் எங்கோ, நீங்கள் போகும் தளங்களின் விவரத்தைச் சேகரிப்போம் என்று எழுதியிருக்கும், அதற்கு நாமே சம்மதமும் கொடுத்திருப்போம். சம்மதத்தோடு வந்த ஒன்றை வைரஸ் பட்டியலில் சேர்க்க ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தயங்கின, ஏனென்றால் வழக்குப் போடுவார்கள் என்ற பயம். போடவும் செய்தார்கள். ஸாங்கோ என்ற விளம்பர மென்பொருள் நிறுவனம், தன் புரோகிராமைத் தடுத்ததற்காக காஸ்பர்ஸ்கை என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் மேல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. தொல்லை என்று கருதுவதைத் தடுக்கும் மென்பொருளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கை பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இன்று விண்டோஸில் இருக்கும் டிஃபென்டர்கூட ஆரம்பத்தில் ஆன்டிவைரஸ் கிடையாது. ஜயன்ட் கம்பெனி சாஃப்ட்வேர் என்ற சிறிய நிறுவனத்தின் ஸ்பைவேர் ஒழிப்புக் கருவியை 2004 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, அதற்குப் பிறகு வைத்த பெயர்தான் விண்டோஸ் டிஃபென்டர். வைரஸையும் பார்க்கும் இலவச மென்பொருளாக செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் 2009-ல் தனியாக வந்தது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது இரண்டும் ஒன்றாகி, டிஃபென்டர் என்ற பெயரிலேயே முழு ஆன்டிவைரஸ் ஆனது. மற்ற நிறுவனங்களும் அதே பாதையில்தான் போயின. ஆகவே இன்று ஆன்டி-ஸ்பைவேர் மட்டும் தனியாக விற்கிறோம் என்று ஒருவர் வந்தால் அவரையே கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்கலாம்.

ஆனால் அந்தப் பழைய சிக்கல் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை, பெயர் மட்டும் மாறியிருக்கிறது. வைரஸ் என்றும் சொல்ல முடியாது, நல்லது என்றும் சொல்ல முடியாது என்கிற ரகத்தை இப்போது "வேண்டாத செயலி" என்கிற மாதிரி ஒரு தலைப்பில் வைக்கிறார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், அதற்குள் ரெப்யூடேஷன் பேஸ்டு ப்ரொடெக்ஷன் என்று போனால் இவற்றைத் தடுக்கும் பொத்தான் இருக்கும். சில கம்ப்யூட்டர்களில் அது அணைந்தே கிடக்கும், யாரும் பார்ப்பதில்லை. புது ஆன்டிவைரஸ் வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு பொத்தானைப் போட்டுப் பாருங்கள், டூல்பார், போலி "ஸ்பீடு பூஸ்டர்" வகையறாவில் கணிசமானது வாசலிலேயே நின்றுவிடும்.

சரி, டிஃபென்டர் நல்லதா? செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் காலத்தில் இது சோதனைகளில் பின்வரிசையில்தான் இருந்தது, அந்தக் கெட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியின் மாக்டபர்க்கில் இருக்கும் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், பிரிட்டனின் எஸ்இ லேப்ஸ் ஆகிய மூன்றும் தொடர்ந்து சோதனை நடத்தி முடிவுகளைப் பொதுவில் வைக்கின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண், மொத்தம் 18 என்று போடும். அதில் டிஃபென்டர் பல ஆண்டுகளாகக் காசு கொடுத்து வாங்கும் பெயர்களோடு தோளோடு தோள் நிற்கிறது. ஆனால் அந்த அட்டவணைகளை 17.5 பெரியதா 18 பெரியதா என்று பார்ப்பதில் பயனில்லை. முதல் வரிசையில் இருப்பவர்களுக்குள் வித்தியாசம் ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவில் மாறிவிடும். நான் அதில் பார்ப்பது வேறு ஒரு பத்தி: நல்ல ஃபைலைக் கெட்டது என்று எத்தனை முறை சொன்னது என்பது. அடிக்கடி பொய்யாகக் கூவும் ஆன்டிவைரஸை ஆள் ஒருநாள் அணைத்துவிடுவார், அதற்கப்புறம் மதிப்பெண் எவ்வளவு இருந்து என்ன.

டிஃபென்டரின் குறைகளும் அதே அறிக்கைகளில் இருக்கின்றன. இணைய இணைப்பு இல்லாதபோது அதன் கண்டுபிடிக்கும் திறன் இறங்கும், காரணம் அது சந்தேகமான ஃபைலை மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் கேட்டு முடிவெடுப்பதைப் பெரிதாக நம்பியிருக்கிறது. நெட் இல்லாத கம்ப்யூட்டரில் பென்டிரைவ் பென்டிரைவாக ஃபைல் மாற்றிக்கொண்டிருப்பவர் இதை யோசிக்க வேண்டும். சின்னச் சின்ன ஃபைல்களை ஆயிரக்கணக்கில் காப்பி செய்தால் இழுவையாக இருக்கும் என்பதும் உண்மைதான்.

இனி, எனக்கு இதில் முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். ஆன்டிவைரஸ் என்பது மற்ற மென்பொருட்களில் ஒன்று இல்லை. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் உங்களுக்கு முன்னால் அது திறந்து பார்க்கிறது, இயங்குதளத்தின் அடி மட்டம் வரை அதற்கு அனுமதி உண்டு, சில ஆன்டிவைரஸ்கள் பூட்டுப் போட்ட இணையப் போக்குவரத்தையும் நடுவில் பிரித்துப் படிக்கும். அதாவது ஒரு ஸ்பைவேர் என்னென்ன அதிகாரம் கேட்குமோ அத்தனையும் இதற்கு நாமே கொடுக்கிறோம். எந்த ஆன்டிவைரஸ் என்ற கேள்வி எனக்கு எப்போதும் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியாகத்தான் கேட்கிறது.

மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் நடந்ததைப் பாருங்கள். அவாஸ்ட் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் போட்டிருந்த இலவச ஆன்டிவைரஸ். அவர்கள் எந்தெந்தப் பக்கத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றுக்கொண்டிருந்தது 2020 ஜனவரியில் செய்தியாக வெளியே வந்தது. ஜம்ப்ஷாட்டை உடனே மூடினார்கள். 2024-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்காக 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. வேவு பார்ப்பதிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிப் போட வைத்த மென்பொருள்! நார்ட்டன் 2021-ல் தன் 360 தொகுப்போடு ஈத்தேரியம் மைனிங் செய்யும், அதாவது கம்ப்யூட்டரை உழைக்க விட்டு அந்தக் கிரிப்டோ நாணயத்தைச் சம்பாதிக்கும், ஒரு வசதியையும் சேர்த்துக் கொடுத்தது. நீங்கள் விரும்பி இயக்கினால்தான் ஓடும் என்றாலும், அடுத்தவர் கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாக மைனிங் செய்பவனைப் பிடிக்க வேண்டியவன் கையில் அதே கருவி. இப்போது நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவீரா நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் நான்கு டப்பா, முதலாளி ஒருவர்.

கெட்ட எண்ணமே இல்லாவிட்டாலும் அவ்வளவு அதிகாரம் ஆபத்துதான். 2010 ஏப்ரலில் மெக்காஃபி வெளியிட்ட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த சிஸ்டம் ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று முடிவுகட்டித் தூக்கியது, கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 19 எல்லோருக்கும் நினைவிருக்கும், கிரவுட்ஸ்டிரைக்கின் ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்து விமானங்கள் நின்றன. அது அலுவலகங்களுக்கான மென்பொருள், வீட்டில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் அடி மட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒன்று தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. அப்புறம், 2016-ல் மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுள் குழுவான ப்ராஜெக்ட் ஜீரோவின் டாவிஸ் ஓர்மண்டி சைமன்டெக், நார்ட்டன் மென்பொருட்களில் கண்டுபிடித்த ஓட்டைகள் இன்னொரு வகை: ஒரு ஃபைல் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தாலே போதும், நீங்கள் திறக்கக்கூட வேண்டாம், ஆன்டிவைரஸ் அதைச் சோதிக்கத் திறக்கும்போதே தாக்குதல் நடந்துவிடும்.

இதற்காக ஆன்டிவைரஸே வேண்டாம் என்கிற கட்சி நானில்லை. விண்டோஸ் போட்டிருந்தால் மைக்ரோசாஃப்டை ஏற்கெனவே நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது, வேறு வழியில்லை. அதற்கு மேல் இன்னொரு நிறுவனத்தையும் அடி மட்டம் வரை விடுவதற்கு ஒரு நல்ல காரணம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. டிஃபென்டர் மேல் எனக்குப் பாசம் எதுவும் கிடையாது, அது எனக்கு எதையும் விற்க முயல்வதில்லை என்பதே போதும்.

அந்த நல்ல காரணம் சிலருக்கு உண்டு. பிள்ளைகளின் நேரத்தையும் தளங்களையும் கட்டுப்படுத்தும் வசதி, நாலைந்து கருவிகளை ஒரே இடத்திலிருந்து பார்க்கும் வசதி, போன் செய்தால் பேச ஒரு ஆள், இவை வேண்டும் என்றால் வாங்கலாம். பிட்டிஃபென்டர், ஈசெட் எல்லாம் சோதனைகளில் தொடர்ந்து நன்றாகச் செய்பவைதான். காஸ்பர்ஸ்கையின் தொழில்நுட்பம் பற்றிக் குறை சொல்பவர்கள் குறைவு, ஆனால் நிறுவனம் ரஷ்யாவைச் சேர்ந்தது என்பதற்காக 2024-ல் அமெரிக்க அரசு அதன் விற்பனையையும் அப்டேட்களையும் அங்கே தடை செய்தது. சாவி யாரிடம் என்ற கேள்வியை ஒரு அரசாங்கமே கேட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் ஆட்டோ-ரினியூவலை அன்றைக்கே அணைத்துவிடுங்கள். முதல் வருடத் தள்ளுபடி விலையைப் பார்த்து வாங்குவோம், அடுத்த வருடம் முழு விலையைக் கார்டிலிருந்து எடுத்த பிறகுதான் தெரியும்.

புது லேப்டாப்போடு வரும் சோதனைப் பதிப்பு தனி ரகம். நீங்கள் கேட்கவில்லை, அவர்களாகப் போட்டுக் கொடுத்தது. அது இருக்கும்வரை டிஃபென்டர் ஒதுங்கி நிற்கும். காலம் முடிந்ததும் தினமும் பயமுறுத்தும் அறிவிப்புகள் வரும், பாதுகாப்பு அரைகுறையாக இருக்கும், வீட்டில் இருப்பவர்கள் க்ளோஸ் பட்டனை அமுக்கப் பழகிவிடுவார்கள். பணம் கட்டப் போவதில்லை என்றால் முதல் நாளே முழுதாக நீக்கிவிடுங்கள், டிஃபென்டர் தானாக எழுந்து வரும். சாதாரணமாக நீக்கினால் போகாத பிடிவாதக்காரர்களுக்கு அந்தந்த நிறுவனமே தனி நீக்கும் கருவி வைத்திருக்கிறது.

இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் ஓட விட வேண்டாம். ஒரே ஃபைலை இரண்டும் பிடித்துக்கொண்டு நிற்கும், ஒன்று பிடித்து வைத்ததை இன்னொன்று புது வைரஸ் என்று கத்தும், மெஷின் ஊர்ந்து போகும். ஆனால் கூப்பிட்டால் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகும் ஸ்கேனர் வைத்திருப்பது வேறு விஷயம், அது நல்லதே. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு இப்படித்தான், சோதனைக் காலம் முடிந்ததும் நீங்கள் ஓட்டினால் மட்டும் ஓடும். மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனர் என்று ஒன்று இருக்கிறது, டவுன்லோடு செய்து 10 நாளில் காலாவதியாகிவிடும், ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டும். ஒரே ஒரு ஃபைல் மேல்தான் சந்தேகம் என்றால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல டஜன் ஆன்டிவைரஸ்கள் அதைப் பற்றி என்ன நினைக்கின்றன என்று ஒரே பக்கத்தில் காட்டும். ஆனால் அங்கே ஏற்றும் ஃபைலை மற்ற நிறுவனங்களும் ஆராய்ச்சியாளர்களும் எடுத்துப் பார்க்க முடியும், அதனால் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம் இருக்கும் ஆவணங்களை ஏற்றாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று: இன்று வீட்டுக் கம்ப்யூட்டரில் நுழையும் முக்கால்வாசி, ஆன்டிவைரஸை ஏமாற்றி வருவதில்லை, ஆளை ஏமாற்றி வருகிறது. பழைய ஸ்பைவேர் எப்படிச் சம்மதம் வாங்கிக்கொண்டு வந்ததோ அப்படித்தான் இதுவும். கிராக் செய்த மென்பொருளோடு வரும் குறிப்பைப் பாருங்கள், முதல் வரியே "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்றிருக்கும். அணைத்துவிட்டுச் செய்பவருக்கு உலகின் எந்த ஆன்டிவைரஸும் உதவாது. 2024-லிருந்து பெரிதாகப் பரவும் ஒரு தந்திரம் இன்னும் வெட்கமில்லாதது: நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க, விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்துங்கள், அப்புறம் கன்ட்ரோல் வி, அப்புறம் என்டர் என்று ஒரு பக்கம் கேட்கும். அந்தப் பக்கம் ஏற்கெனவே உங்கள் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது தங்கும் இடத்தில், ஒரு கட்டளையை வைத்துவிட்டது. உங்கள் கையாலேயே அதை ஒட்டி, உங்கள் கையாலேயே ஓட விடுகிறீர்கள். எந்த உண்மையான கேப்சாவும் கீபோர்டில் இப்படி எதையும் அழுத்தச் சொல்லாது.

உள்ளே வருவது பெரும்பாலும் இன்ஃபோஸ்டீலர் எனப்படும் ரகம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், லாகின் ஆன நிலையைக் காட்டும் குக்கீகள், கிரிப்டோ வாலட், எல்லாவற்றையும் சில நிமிடத்தில் அள்ளிக்கொண்டு போய்விடும். சில தன்னையே அழித்துக்கொள்ளும். குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்த அந்தக் கதவு வழியாகவே போய்விடுவான். ஸ்கேன் ஓட்டி "எதுவும் இல்லை" என்று வந்தால் நிம்மதி அடைய முடியாத காலம் இது.

அடுத்தது பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் குட்டிச் செயலிகள். என்னைக் கேட்டால் பழைய ஸ்பைவேரின் நேர் வாரிசு இவைதான். "எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்று கேட்கும், கூப்பன் தேடித் தருகிறேன் என்று சொல்லும், நாமும் சரி என்போம். இன்னொரு சிக்கல், நல்லவர் எழுதிய எக்ஸ்டென்ஷனைப் பிறகு வேறொருவர் விலைக்கு வாங்கி, அடுத்த அப்டேட்டில் என்ன வேண்டுமானாலும் சேர்க்கலாம். உங்களுக்குப் புதிதாக ஒரு கேள்விகூட வராமல் போகலாம். பட்டியலைத் திறந்து, எதற்கென்று நினைவில்லாததையெல்லாம் தூக்குங்கள். விளம்பரத் தடுப்பான் மட்டும் இருக்கட்டும். தேடல் முடிவுகளில் மேலே வரும் விளம்பரமாகப் போலி டவுன்லோடு பக்கங்கள் வருவதால் விளம்பரத் தடுப்பான் பயன்படுத்துங்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்க எஃப்பிஐயே சொன்னது.

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் உள்ளது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரை முழுக்க வந்தால் அது ஒரு வெப்பக்கம், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் இருக்காது. எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், இல்லாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடிவிடலாம். மூலையில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் வைரஸ் அறிவிப்புகள் என்றால் ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், பிரவுசர் செட்டிங்கில் போய் எடுத்துவிட்டால் "வைரஸ்" போய்விடும். எத்தனை பேர் இதற்காக ஆன்டிவைரஸ் வாங்கியிருப்பார்களோ.

அப்டேட் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 2017 மே 12-ல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகம், உலகத்தை உலுக்கியது, அது புகுந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, அதில் இருந்துகொண்டு எந்த ஆன்டிவைரஸ் என்று கேட்பவர் முதலில் தீர்க்க வேண்டியது அந்தப் பிரச்சினையைத்தான். ரான்சம்வேருக்கு மருந்து பேக்கப், அதுவும் எப்போதும் செருகியே வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை, செருகியிருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மேக் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்ப்ரொடெக்ட், கேட்கீப்பர் என்று ஆப்பிளே சில பாதுகாப்பு வசதிகளை உள்ளே வைத்திருக்கிறது. மேக்குக்கு வைரஸ் வராது என்ற பேச்சை மட்டும் விட்டுவிடலாம், மேக்கைக் குறிவைக்கும் இன்ஃபோஸ்டீலர்களும் இப்போது உண்டு.

ஏற்கெனவே ஏதோ புகுந்துவிட்டது என்று தெரிந்தால்? நெட்டைத் துண்டியுங்கள். டிஃபென்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று இருக்கிறது, அது விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடுவதால் ஒளிந்திருப்பவற்றுக்கு மறைய இடம் குறைவு. பாஸ்வேர்டுகளை மாற்றுவதை வேறொரு கருவியிலிருந்து செய்யுங்கள், பாதித்த மெஷினில் உட்கார்ந்து மாற்றினால் புதியதும் சேர்ந்து போகும். முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி. மாற்றிய கையோடு "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள், திருடுபோன குக்கீ அப்போதுதான் செல்லாமல் போகும். உள்ளே வந்தது இன்ஃபோஸ்டீலர் என்று சந்தேகம் இருந்தால் சுத்தம் செய்து பார்ப்பதை நான் நம்புவதில்லை, ஃபைல்களை எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே மேல். போட்டு முடித்து பிரவுசரில் உங்கள் கணக்கில் நுழைவதற்கு முன்னால், சிங்க் ஆகும், அதாவது கணக்கிலிருந்து தானாக இறங்கி வரும், பட்டியலில் எக்ஸ்டென்ஷன்களை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய எக்ஸ்டென்ஷன் எதையும் கேட்காமல் புது விண்டோஸுக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.